சிக்கலா, பிணைப்பா?



ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணிக் கல்லூரியில் இயற்பியல் பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர், ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின் பாடநூலும் கையுமாக நம்மிடம் வந்தார். "சாமி, 'என்டாங்கிள்மென்ட்' என்னும் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?" என்று வினவினார். நாம் சற்றும் தயங்காமல், "சிக்கல்" என்று விடை பகர்ந்தோம். இளைஞரின் முகம் மலரவில்லை. "சிக்கல் என்றால் ஏதோ கெட்டுப்போனதுபோல் இருக்கிறதே, சாமி! இந்தப் பாடத்தில் எதுவும் கெட்டுப்போகவில்லையே" என்றார். அவரை மறுவாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்று மாலை அகராதியைப் புரட்டத் தொடங்கினோம். அந்தத் தேடலின் பயனே இம்மாதக் கட்டுரை.

முதலில் அவர் பாடத்தைப் பார்ப்போம். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் எர்வின் சுரோடிங்கர் 1935ஆம் ஆண்டில் இச்சொல்லை இயற்பியலுக்குள் கொணர்ந்தார். ஒன்றோடொன்று உறவுகொண்ட இரு நுண்துகள்கள் பின்னர் வெகுதொலைவு பிரிந்து சென்றாலும், அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்து முழுமையாக விவரித்தல் இயலாது. இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கொண்டால்தான் விவரம் முழுமை பெறும் என்பது இதன் சாரம். இதனைச் சோதனைகளால் நிலைநாட்டியமைக்காக அலேன் ஆஸ்பே, ஜான் கிளாவுசர், ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சுரோடிங்கர் தம் தாய்மொழியாகிய செருமானியத்தில் ஆண்ட சொல், ஒருவர் தம் இரு கைகளையும் மார்பின் குறுக்கே மாற்றிவைத்துக் கட்டிக்கொள்வதைக் குறிப்பதற்கும் வழங்குவது. கைகளைக் கட்டிக்கொள்வதில் சிக்கல் ஏது? இளைஞரின் ஐயம் நேரியதே.

விஞ்ஞானத்திலிருந்து நீதியைக் கறந்தெடுப்பது நமக்கு உடன்பாடன்று. நுண்துகளின் நடத்தை வேறு, மனிதனின் நடத்தை வேறு. ஆயினும், ஒரே சொல் ஓரிடத்தில் இடரையும் மற்றோரிடத்தில் உறவையும் குறிப்பது எங்ஙனம் என்ற கேள்வி நம்மை விடவில்லை.

தமிழிலும் இதே நிலையைத்தான் கண்டோம். சிக்கு என்றால் நூலோ கூந்தலோ ஒன்றுடன் ஒன்று மாட்டிக்கொள்வது. அதிலிருந்து பிறந்தது சிக்கல். ஆனால் சிக்கென என்றால் உறுதியாக என்பது பொருள். இறைவனை விடாது பற்றிக்கொண்டதைக் கூற மாணிக்கவாசகர் தெரிந்தெடுத்த சொல் இதுவே. நம் இல்லத்தரசிகள் போற்றும் சிக்கனமும் இக்குடும்பத்துச் சொல்லே. கைப்பொருளை நழுவவிடாது இறுகப் பிடித்தலே சிக்கனம் அன்றோ? இன்னொரு குடும்பத்தைப் பாருங்கள். பிணித்தல் என்றால் கட்டுதல். பிணி என்றால் கட்டும் ஆகும், நோயும் ஆகும். பிணை என்றால் ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பேற்றல். பிணங்குதல் என்றால் ஒன்றோடொன்று பின்னுதல். அதுவே ஊடுதலும் பகைத்தலும் ஆகும். ஆக, உறவும் பகையும், காவலும் நோயும் ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன. நம் முன்னோர் மனித வாழ்வை நன்கு அறிந்தே சொற்களைப் படைத்தனர்போலும்.

புனித சின்னப்பரின் எழுத்திலும் இவ்விரண்டும் உள. திமோத்தேயுவுக்கு எழுதும்போது, படைவீரன் பிழைப்புக் காரியங்களில் தன்னைச் சிக்கவைத்துக்கொள்ளலாகாது என்று எச்சரிக்கிறார். அவ்விடத்துக் கிரேக்கச் சொல்லுக்கு, உள்ளே பின்னிக்கொள்ளுதல் என்பது பொருள். அவரது பெயரால் கொலோசையருக்கு எழுதப்பட்ட திருமுகமோ, அன்பினைக் கட்டு என்றே போற்றுகிறது. கட்டு அனைத்தும் தீது என்று அவர் கருதியிருந்தால், அன்புக்கு அப்பெயரை இட்டிருக்கமாட்டார்.

அப்படியாயின், பிணைப்பு எவ்விடத்தில் சிக்கலாக மாறுகிறது? இதற்கு நமக்கு விடை கூறியது அகராதி அன்று. நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர். அதைச் சொல்வதற்குமுன் நம் தவறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

நம் பங்குக் குடும்பமொன்றில் அண்ணன் தம்பி இருவர். (அடையாளம் தெரியாதவாறு சிலவற்றை மாற்றியே எழுதுகிறோம், குடும்பத்தார் இசைவு தந்துள்ளனர்.) தந்தை உயில் எழுதாமல் காலமானார். விட்டுச்சென்றது 90 செண்ட் நஞ்சை, ஒரு கிணறு, ஒரு மோட்டார். நிலத்தை நடுவில் எங்ஙனம் பிரிப்பது, கிணறு யார் பக்கம் என்பதில் வழக்கு மூண்டது. நான்கு ஆண்டுகளாக இருவரும் பேசுவதில்லை. கோவிலில் ஒருவர் இடப்புறம் நின்றால் மற்றவர் வலப்புறம். தந்தையின் நினைவு நாள் வந்தது. அண்ணன் வந்து திருப்பலிக் கருத்து எழுதிச் சென்றார். ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி வந்து, அதே நாளுக்கு, அதே தந்தைக்கு, வேறொரு திருப்பலி கேட்டார். பதிவேட்டில் ஒரே பெயரை இருமுறை எழுதிய நம் கை சற்று நடுங்கியது.

எப்படியும் இதை முடித்துவிட வேண்டுமென்று துணிந்தோம். இருவரையும் பங்கு இல்லத்துக்கு வரவழைத்தோம். இரண்டு மணி நேரம் பேசினோம். பேசினோம் என்பதைவிட உரத்துப் பேசினோம் என்பதே உண்மை. இறுதியில் ஆளுக்கு 45 செண்ட் என்று முடிவு சொல்லி, இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தோம். அவர்களும் நம் முகத்துக்காக ஒப்புக்கொண்டனர். அன்றிரவு நாம் மிகுந்த மனநிறைவோடு உறங்கினோம்.

இரண்டே வாரத்தில் நிலைமை முன்னினும் மோசமாயிற்று. அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று வில்லங்கச் சான்று வாங்கிவந்தார். இந்த வில்லங்கம் என்ற சொல்லும் நம் பட்டியலைச் சேர்ந்ததே. சொத்தை மாட்டிவைத்திருக்கும் சிக்கலைப் பத்திர மொழியில் அவ்வாறு சொல்கிறோம். சான்றில் வில்லங்கம் ஏதும் இல்லை என்றிருந்தது. தம்பியோ, மறுநாளே நிலத்தின் குறுக்கே முள்வேலி போட்டார். தாயார் இரு வீட்டிலும் உண்ண மறுத்து, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நமக்கு வந்ததோ சினம். நன்றி கெட்டவர்கள் என்றுகூட எண்ணினோம்.

அவ்வாண்டுத் திருவிழாவுக்குத் தோரணம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. முந்தின ஆண்டு அவசரத்தில் சுருட்டிவைத்த நூல் உருண்டையாய்ச் சிக்கிக் கிடந்தது. நாமே அதை எடுத்து, திண்ணையில் அமர்ந்து, வெடுக்கு வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தோம். அங்கே நின்ற முதியவர் ஒருவர், "இழுக்காதீய சாமி. இழுத்தா முடிச்சு விழுந்துரும். மொதல்ல தளத்தி விடுங்க. பொறவு எத்தனை நுனி இருக்குன்னு பாருங்க" என்றார்.

அவர் விக்கிரமசிங்கபுரம் நூற்பாலையில் ரீலிங் பகுதியில் நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்றவர். பாபநாசத்து அருவிநீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் தொடங்கிய அந்த ஆலை, நம் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறிட்டது. பெரியவர் நம் அருகில் அமர்ந்து, நூலைத் தளர்த்தியவாறே தம் தொழிலைப் பற்றிச் சொல்லலானார். பருத்தி நூல் சிட்டம் ஒன்றின் நீளம் 840 கசம். அது 120 கசம் கொண்ட ஏழு பிரிவுகளாகச் சுற்றப்படும். ஒவ்வொரு பிரிவையும் வேறொரு நூலால் இடையிடையே கோத்துக் கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டு எதற்கு? சாயத்தொட்டியில் முக்கி எடுக்கும்போதும், வண்டியில் ஏற்றி இறக்கும்போதும் இழைகள் கலைந்து சிக்காமல் இருப்பதற்கே. கட்டை அவிழ்த்துவிட்டுச் சிட்டத்தை உதறினால் அவ்வளவுதான். 840 கசமும் குப்பை. நெசவாளரும் பாவு விரிக்கையில், இழைகளை ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக மாற்றிவிட்டு, இடையே குச்சிகளைச் செருகிவைப்பார்கள். இழைகள் குறுக்கே மாறிச் செல்கின்றன, ஆயினும் சிக்குவதில்லை. எந்த இழை எதற்குப் பின் வரவேண்டும் என்ற ஒழுங்கை அந்த மாற்றமே காப்பாற்றுகிறது.

நாம் வாயடைத்துப்போனோம். கட்டு இருப்பதால் சிக்கல் வருகிறது என்றே அதுவரை எண்ணியிருந்தோம். இடவேண்டிய கட்டை இடாமல் விட்டதாலும், ஒழுங்கு தப்பியதாலும் சிக்கல் வருகிறது என்பதை அந்த நூல் உருண்டை கற்பித்தது.

எழுத்துலகிலும் இதற்கொரு சான்று உண்டு. நம் தென்சீமையில் காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியைத் தந்தவர். அவர் காலத்துக்கு முன், ஓலையில் எழுதியதைப் படிப்பது எளிதன்று. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் ஓலையில் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ஆகவே எழுதியிருப்பது எரியா ஏரியா, கொடுவா கோடா என்று இடம் பார்த்தே தெளிய வேண்டும். முனிவர் நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்தெழுதும் முறையைக் கொணர்ந்தார். ஒன்றை வெட்டியெறிந்து அன்று, ஒரு சுழியைக் கூட்டியே அச்சிக்கலை அவிழ்த்தார்.

மீண்டும் நம் கதைக்கு வருவோம். "எத்தனை நுனி இருக்கிறது என்று பாருங்கள்" என்ற சொல் நம் உள்ளத்தைக் குடைந்தது. நாம் இரண்டு நுனிகளையே பார்த்திருந்தோம். உண்மையில் நுனிகள் நான்கு. தாயார் ஒருவர் இருந்தார். வெளியூரில் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட மகள் ஒருவர் இருந்தார். அவர்களை நாம் அழைக்கவும் இல்லை, நினைக்கவும் இல்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கு மக்கள் அனைவர்க்கும் சமம். ஆண் பெண் என்ற வேறுபாடு அங்கு இல்லை. எனவே 90 செண்டில் தாய்க்கு 30, மூன்று மக்களுக்கும் ஆளுக்கு 20. நாமோ 45, 45 என்று தீர்ப்பளித்து, இரண்டு பெண்மக்களின் உரிமையை ஒரு மாலைப்பொழுதில் துடைத்துவிட்டிருந்தோம். அதுவும் கோவில் வளாகத்தில் அமர்ந்துகொண்டு!

பேருந்தேறி அந்த மகளின் ஊருக்குச் சென்றோம். அவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. காப்பி கொடுத்தார். பிறகு மெல்லச் சொன்னார். அந்தக் கிணற்றை வெட்டியது அவருடைய நகையை அடகுவைத்து வாங்கிய பணத்தில். விளைச்சல் வந்ததும் மீட்டுத் தருவதாகத் தந்தை வாக்களித்திருந்தார். நகை மீளவில்லை; தந்தையும் மீளவில்லை. "அண்ணனும் தம்பியும் கிணறு யாருக்குன்னு சண்டை போடுறாங்க. அது யாரோட கிணறுன்னு ஒருத்தரும் என்கிட்ட கேட்கலியே, சாமி" என்றார். இடையில் ஒருநாள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு ஆள் மட்டும் வந்ததாம். ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் ஆவணத்துக்கு நம் பத்திர மொழியில் அப்பெயர். யாருக்கு விடுதலை என்று எண்ணிப்பார்த்தோம்; தலை குனிந்தது.

வில்லங்கச் சான்று பொய் சொல்லவில்லை. பதிவான விற்பனையும் அடைமானமும் அதில் வரும். தந்தை மகளுக்குத் தந்த வாக்கு எந்தப் பதிவேட்டில் வரும்? அண்ணன் தம்பி இருவருக்குமே அவ்வாக்கு தெரியும். நிலத்தைப் பற்றிப் பேசினால் நகையைப் பற்றியும் பேசவேண்டி வருமே என்ற அச்சத்தால்தான், ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்திச் சினத்தை வளர்த்துக்கொண்டிருந்தனர். சினம் மேலே தெரிந்த முடிச்சு. நாணம் உள்ளே கிடந்த முடிச்சு.

அதன்பின் நாம் இழுக்கவில்லை. முதலில் இருவரிடமும் சென்று, நம் தீர்ப்பு தவறானது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பங்குச்சாமியாரே தவறு என்று ஒப்புக்கொண்டதும், அவர்கள் குரலும் சற்றுத் தாழ்ந்தது. அதுவே தளர்த்துதல் என்று இப்போது அறிகிறோம். பின்னர் நால்வரும் ஒன்றாய் உட்கார எட்டு மாதங்கள் ஆயின. நகைக்கு ஈடாக அண்ணனும் தம்பியும் சேர்ந்து தவணையில் பணம் தர இசைந்தனர். மகள் விடுதலைப் பத்திரம் எழுதவில்லை; 20 செண்ட் அவர் பெயரிலேயே நிற்கிறது. தம்பி அதைக் குத்தகைக்குப் பயிரிட்டு நெல் அளக்கிறார். கிணறு நால்வருக்கும் பொது என்று பத்திரத்தில் எழுதப்பட்டது. எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லமாட்டோம். முள்வேலியில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. இரு மருமகள்களும் இன்னும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் தாயார் திண்ணையை விட்டு எழுந்து வீட்டுக்குள் சென்றுவிட்டார்.

செருமனியில் ஆக்ஸ்பர்க் நகரத்துப் புனித பேதுரு ஆலயத்தில், ஏறத்தாழ 1700ஆம் ஆண்டில் யோகான் ஷ்மிட்னர் என்பார் தீட்டிய தேவதாயின் ஓவியம் ஒன்று உள்ளது. முடிச்சவிழ்க்கும் அன்னை என்று அதனைப் போற்றுவர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மிக விரும்பிய ஓவியம் அது. அவருடைய அர்ஜென்டினா நாட்டிலும் இப்பக்தி நன்கு பரவியது. அன்னையின் ஒருபுறம் வானதூதர் முடிச்சு நிறைந்த நீண்ட நாடாவை நீட்டுகிறார். மறுபுறம் வேறொரு தூதர் முடிச்சு நீங்கிய நாடாவைப் பெற்றுக்கொள்கிறார். அன்னையின் கையில் கத்தரிக்கோல் இல்லை, விரல்களே உள்ளன. கோர்டியத்து முடிச்சை அலெக்சாந்தர் வாளால் வெட்டினான் என்ற கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவனைப் பலரும் புகழ்வர். ஆனால் வெட்டுண்ட கயிறு பிறகு எந்த வண்டியையும் நுகத்தையும் கட்ட உதவாது என்பதை அக்கதை சொல்வதில்லை. குடும்பத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவோர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

இதனால், எந்தக் கட்டையும் அறுக்கவே கூடாது என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டா. கந்துவட்டிக்காரனின் பிடியும், அடித்துத் துன்புறுத்தும் கணவனின் பிடியும் பிணைப்பு அல்ல, வலை. வலையில் அகப்பட்டோரைப் பொறுமையாய் இரு என்று சொல்வது பாவம். உடனே வெளியே கொணர்வதே கடமை. நாம் பேசுவது, ஒருவரையொருவர் நேசித்தும் ஒழுங்கு தப்பிச் சிக்கிக்கொண்ட உறவுகளைப் பற்றியே.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு நூல் உருண்டை எங்கேனும் மூலையில் கிடக்கலாம். அதை எடுக்குமுன் ஒன்று செய்யுங்கள்: இதில் இன்னும் அழைக்கப்படாதவர் யார், கேட்கப்படாதவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். பெரும்பாலும் அவர் ஒரு மூதாட்டியாகவோ, மணமாகிச் சென்ற ஒரு மகளாகவோ இருப்பார். வாய்ச்சொல்லாகத் தந்த வாக்குகளை, உயிரோடு இருக்கும்போதே எழுதிவையுங்கள். உயில் எழுதுவது சாவை அழைப்பதாகாது. சிட்டத்துக்கு இடும் கட்டு அது.

மறுவாரம் வந்த இளைஞரிடம், "உம் பாடத்துக்குப் பிணைப்பு என்றே எழுதும், பின்னல் என்றாலும் பொருந்தும். சிக்கல் என்ற சொல் எங்கள் வேலைக்கு இருக்கட்டும்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே சென்றார்.

இவ்வாண்டு அந்தத் தந்தையின் நினைவு நாளுக்குப் பதிவேட்டில் ஒரே ஒரு திருப்பலிக் கருத்துதான் எழுதப்பட்டது. கேட்டுக்கொள்வோர் என்ற இடத்தில் நான்கு பெயர்கள் இருந்தன.